இரவில் ஏசி தானாக நின்றுபோவது ஏன்?

வணக்கம். பெருநகர விடுதி ஒன்றின் 14-ஆம் மாடியில் இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை என்றும், நள்ளிரவில் ஏசி தானாக நின்றுவிடுகிறது, எழுந்து நடந்தால் மறுபடி ஓடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். போர்வைக்குள்ளிருந்து இருட்டில் கையை வீசிப் பார்த்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் நீங்கள் செய்தது சரியான சோதனைதான். மின்சாரத்தை மிச்சப்படுத்த, அசைவை உணரும் கருவியைப் பல விடுதிகளில் பொருத்தியிருப்பார்கள்; அசையாமல் உறங்குபவரை அது அறையில் ஆளே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. வரவேற்பு மேசையை அழைத்து, இரவில் அதை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் லிஃப்டின் சத்தம் கேட்காதபடி அதிலிருந்து தள்ளி இருக்கும் வேறு அறையைத் தயங்காமல் கேளுங்கள்.

முதல் இரவின் விழிப்பு உங்கள் குறையன்று. புதிய இடத்தில் முதல் நாள் உறங்கும்போது மூளையின் இடப்பக்கம் சற்று விழிப்பாகவே இருப்பதை, அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள்.

திரைச்சீலைகளின் நடுவே கீற்றாக நுழையும் வெளிச்சத்துக்கு, அலமாரியில் கால்சட்டை மாட்டும் கிளிப் வைத்த ஹேங்கர் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கிளிப்புகளால் இரு சீலைகளையும் சேர்த்துக் கவ்வவிட்டால் அறை நன்றாக இருட்டிவிடும்.