கடற்கரையில் விடாத ஊரிலிருந்து ஒரு பீச் பாய்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் நாலைந்து பேர் கூடி, பழைய ராக் பாட்டுகளை ஒருவருக்கொருவர் போட்டுக் காட்டுகிறோம். யாருக்கும் தெரியாத நல்ல கலைஞர்கள் சிலரைச் சொல்லுங்களேன்?
— வாசகர் ஒருவர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: யாருக்கும் என்றால், யாருக்கு ஐயா? பெற்ற அம்மாவுக்குத் தெரியும். கிதாருக்குத் தவணை பாக்கி கேட்டு வருகிற கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். இரவு பதினொரு மணிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

டெட்ராய்ட்காரரான பாடகர் ரொட்ரிகஸை ‘யாருக்கும் தெரியாதவர்’ என்றுதான் அமெரிக்காவில் சொன்னார்கள். 1970இல் வந்த அவருடைய ‘கோல்ட் ஃபேக்ட்’ இசைத்தட்டு அங்கே விலை போகவில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில் கைமாறிக் கைமாறித் தேய்ந்தது. மேடையிலேயே தீக்குளித்துச் செத்தார் என்று கதை கட்டி, நாமே அவருக்குக் கருமாதியும் முடித்துவிட்டோம். மனிதர் டெட்ராய்டில் வீடு இடிக்கிற கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1998இல் உயிரோடு வந்து இங்கே பாடிவிட்டுப் போனார். 2012இல் ஆவணப்படம் வந்தபிறகுதான் உலகம் அவரைக் ‘கண்டுபிடித்தது’.

அந்த இசைத்தட்டில் போதைப்பொருள் பற்றி ஒரு பாட்டு உண்டு. அன்றைய நிறவெறி அரசின் வானொலி நிலையத்தில் யாரும் தவறிக்கூடப் போட்டுவிடக் கூடாதென்று, தட்டில் அந்தப் பாட்டு இருக்கும் இடத்தை மட்டும் கூர்மையான எதையோ வைத்துக் கீறியிருந்தார்கள். என்ன அக்கறை! எதைக் கேட்க வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டிய அரசாங்கம் வேறெங்கே உண்டு? ஜான் லெனன் ஏசுநாதரைப் பற்றி ஏதோ சொன்னார் என்று 1966இல் பீட்டில்ஸ் பாட்டுகளையும் நம் வானொலியில் நிறுத்தினார்கள். அதுவரை பீட்டில்ஸைத் திரும்பிப் பார்க்காத என் மாமாகூட, ‘அப்படி என்னதான் பாடுகிறான்கள்?’ என்று தட்டு தேடிக் கிரே தெருவுக்குப் போனார். அந்தத் தணிக்கை அதிகாரிக்குச் சம்பளத்தோடு விற்பனைக் கமிஷனும் கொடுத்திருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். டெட்ராய்ட் வரைக்கும் ஏன் போகிறீர்கள்? நம் டர்பனில் ‘தி ஃபிளேம்ஸ்’ என்று ஒரு குழு இருந்தது. ஸ்டீவ் ஃபத்தார், தம்பி ரிக்கி, பிளாண்டி சாப்ளின் எல்லாம் அதில்தான். வில்சன் சகோதரர்களின் அமெரிக்கக் குழுவான பீச் பாய்ஸின் கார்ல் வில்சன் லண்டனில் இவர்கள் வாசித்ததைக் கேட்டுக் கலிபோர்னியாவுக்கே அழைத்துப் போனார். 1972இல் ரிக்கியும் பிளாண்டியும் பீச் பாய்ஸ் குழுவிலேயே சேர்ந்துவிட்டார்கள். ‘செயில் ஆன், செய்லர்’ பாட்டைப் போடுங்கள். கரகரவென்று, களைத்தும் விடாமல் துடுப்புப் போடுகிறவன் மாதிரி ஒரு குரல் வரும். அது வில்சன் சகோதரர் யாருமில்லை, நம் பிளாண்டி. டென்னிஸ் வில்சன் முதலில் பாடிப் பார்த்துவிட்டு, அலைச்சறுக்குக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாராம். மிச்சம் பிளாண்டி தலையில் விழுந்தது.

டர்பனில் நல்ல கடற்கரைகளிலெல்லாம் ‘வெள்ளையருக்கு மட்டும்’ பலகை நின்ற காலம் அது. சொந்த ஊரில் அந்த மணலில் கால் வைத்தால் போலீஸ் வரும். அந்த ஊர்ப் பையன்தான் உலகத்துக்கே கடற்கரைப் பாட்டுப் பாடிய குழுவின் குரலானான். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பிளாண்டி பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் மேடைகளில் பின்பாட்டுப் பாடினார். ரிக்கி, அமெரிக்கப் பாடகி பானி ரெய்ட்டுக்கு டிரம்ஸ் வாசித்தார். ஸ்டீவ் ஊர் திரும்பி டர்பனிலேயே வாசித்துக்கொண்டிருந்து 2020இல் காலமானார். அவர் வாசித்த இடத்தைத் தாண்டி, கல்யாணத்துக்குக் கீபோர்டு பெட்டி ஒன்றும் சினிமாப் பாட்டும் வாடகைக்குப் பிடிக்கப் போனவர்கள்தான் நாம்.

இந்த இடத்தில் நம் சாட்ஸ்வொர்த் நண்பர் பேனாவைத் திறந்திருப்பார். ராக் என்பது வெறும் இரைச்சல் என்று வருஷம் தவறாமல் நமக்குக் கடிதம் எழுதுகிறவர். காவடியன்று விடியற்காலையில் அவர் தெருவில் உருமி அடிக்கிற அடியில் ஜன்னல் கண்ணாடி அதிரும், அது பக்தி. அதே வேகத்தில் ரிக்கி அடித்தால் இரைச்சல். முருகனுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்று சென்ற வருஷமே கேட்டேன். பதில் இல்லை, சந்தாவை மட்டும் புதுப்பித்திருக்கிறார்.

ஃபீனிக்ஸ் நண்பரே, கூட்டத்துக்குச் சாப்பாடு என்ன என்று எழுதவில்லையே? ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றுகிற பன்னி சவ் என்றால் முதலில் சாப்பிட்டு முடியுங்கள், பிறகு பாட்டு. மட்டன் குழம்புக் கையோடு இசைத்தட்டைத் தொட்டால், தணிக்கை அதிகாரி கீறியதைவிடப் பெரிய சேதம். கை நனையாமல் முள்கரண்டியால் பன்னி சாப்பிடலாமே என்று உங்களில் யாராவது சொன்னால், அவருக்கு அடுத்த ஞாயிறு அழைப்பு அனுப்பாதீர்கள்.