கண்ணகியைத் திரையில் காட்டுவதற்கு முன்

கேள்வி: கலைக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்துகிறேன். வணிகவியலும் கணினி அறிவியலும் சேர்ந்து உட்காரும் பெரிய வகுப்பு. இந்த ஆண்டு புரொஜெக்டர் வந்தது. சிலப்பதிகாரம் வழக்குரை காதை தொடங்கிய அன்று, பழைய படம் ஒன்றின் அரசவைக் காட்சியைப் பத்து நிமிடம் போட்டேன். விசிலும் கைதட்டலும் அடங்கவே நேரமானது. மாதத் தேர்வில் பார்த்தால், பாதிப் பேர் படத்தின் வசனத்தை இளங்கோவடிகளின் அடிகளாக எழுதியிருக்கிறார்கள். வீடியோவையே விட்டுவிடலாமா? நாடகமும் எழுத்துப் பயிற்சியும்கூட நான்தான் நடத்த வேண்டும். அவற்றுக்கு இது உதவுமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். காட்டிய வரிசையை மட்டும் மாற்றுங்கள். அடிகளைப் படிக்கும் முன்பே நடிகையின் முகத்தையும் குரலையும் மாணவர்கள் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அப்புறம் செய்யுள் வந்தபோது மனதில் அதற்கு இடம் இல்லை. நானும் பல ஆண்டுகள் இதே தவறைச் செய்திருக்கிறேன். ‘ஆர்வமூட்டல்’ என்று பாடக்குறிப்பில் எழுதிவிட்டு முதல் பத்து நிமிடம் படம் போடுவேன். வகுப்பு கலகலப்பாக இருக்கும், பாடம் நின்றுவிடும்.

வழக்குரை காதையில் கண்ணகி அரசன் முன் வருவதற்குச் சற்று முன்னால் வாயிலோன் பேசும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரண்மனை வாசலில் நிற்பவள் யார் என்று அவன் உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மகிடன் தலைமேல் நின்ற கொற்றவையா? “கொற்றவை அல்லள்”. கன்னியர் எழுவரில் இளையவளா, இறைவனை ஆடவைத்த அணங்கா, காட்டை விரும்பிய காளியா, தாருகன் மார்பைக் கிழித்த பெண்ணா? “பெண்ணும் அல்லள்”. இத்தனை ‘அல்லள்’ சொன்ன பிறகுதான் கண்ணால் கண்டதற்கு வருகிறான். “செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்” என்கிறான். கோபமாக இருக்கிறாள் என்று உறுதியாகச் சொல்லக்கூட அவனால் முடியவில்லை, ‘போலும்’ என்று நடுங்குகிறான். கையில் சிலம்பு ஒன்று இருப்பதைச் சொல்லிவிட்டு, கடைசியில் “கணவனை இழந்தாள் கடையகத் தாளே” என்று முடிக்கிறான்.

இந்த ‘அல்லள்’ என்ற சொல்லைப் படமாக்க முடியாது. கேமராவின் முன் ஒரு பெண் நிற்கிறாள், அவ்வளவுதான். யார் யாராகவெல்லாமோ தோன்றி, அவர்களில் யாருமாக இல்லாத ஒருத்தியைச் சொல்லால் மட்டுமே நிறுத்த முடியும். மாணவருக்கு இந்த இடம் பிடிபட்டுவிட்டால், எந்தப் படத்தின் வசனமும் இளங்கோவின் அடியோடு குழம்பாது. அதனால்தான் படிப்பு முன்னால் வர வேண்டும் என்கிறேன்.

வகுப்பு ஐம்பது நிமிடம் என்றால், முதல் இருபது நிமிடம் திரை இருட்டாகவே இருக்கட்டும். நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு நோட்டில் அரங்கத்தை வரையச் சொல்லுங்கள். அரசன் எங்கே, அரசி எங்கே, கண்ணகி எவ்வளவு தூரத்தில், சிலம்பு எப்படிப் பிடித்திருக்கிறாள்? பதில்களில் பாதி செய்யுளிலேயே கிடைக்கும். அரசன் ‘அரிமான் ஏந்திய அமளி’யில், அதாவது சிங்கம் தாங்கும் இருக்கையில், இருக்கிறான். அரசி தன் கெட்ட கனவைச் சொல்ல வந்தவள், அதனால் பக்கத்தில்தான் இருக்கிறாள். மீதிப் பாதியை அவர்களே முடிவு செய்யட்டும், செய்யுள் அதற்கு இடம் விட்டிருக்கிறது.

இதற்குப் பிறகு அதே படக்காட்சியைப் போடுங்கள். பத்து நிமிடம் வேண்டாம், மூன்று நிமிடம் போதும். முதல் தடவை ஒலியை அணைத்துப் போடுங்கள். வசனம் காதில் விழாதபோது மாணவர்கள் நிற்கும் இடத்தையும் கையையும் கண்ணையும் பார்ப்பார்கள். தாங்கள் நோட்டில் வரைந்ததோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவார்கள், போடட்டும். இரண்டாம் தடவை ஒலியோடு போட்டு, “மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே” என்ற அடிக்கு உரிய இடத்தில் நிறுத்துங்கள். யூடியூப்பில் நிறுத்திய பிறகு கீபோர்டில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டினால் காட்சி ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) முன்னும் பின்னும் நகரும். உடைந்த சிலம்பின் மணி திரையில் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். செய்யுளில் அது அரசனின் வாயருகே தெறிக்கிறது. கோவலனுக்குக் கொலைத் தண்டனை சொன்ன வாய் அது. படம் இதைக் காட்டுகிறதா, விட்டுவிட்டதா? விட்டிருந்தால் ஏன்? என் வகுப்புகளில் நல்ல விவாதம் கிளம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வரிசையைத் திருப்பிப் போட வேண்டிய இடமும் உண்டு. செய்யுள் ஒரு பொருளைச் சொல்கிறது, மாணவர் அதைக் கண்டதே இல்லை என்றால் அந்தப் பொருளை முதலில் காட்டிவிடுங்கள். கதை வேண்டாம், விளக்கம் பேசும் குரலும் வேண்டாம். சிலம்பையே பாருங்கள். நம் பிள்ளைகளில் பலர் அதைக் கொலுசு என்றோ சலங்கை என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே பரல், அதாவது ஒலிக்கும் சிறு மணிகள், போட்ட வளையம் என்பது தெரியாவிட்டால், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி சொல்லும் “மணியுடை அரியே”, அரசியின் சிலம்பில் முத்து என்று அரசன் சொல்லும் “முத்துடை அரியே” இரண்டும் வெறும் சொற்கள். வழக்கே அந்தப் பரலில்தான் தீர்கிறது. கைச்சிலம்பாட்ட வீடியோ ஒன்றில் அரை நிமிடம் போட்டு, அந்தக் கலகலப்பைக் காதால் கேட்க வையுங்கள். குறுந்தொகையின் ‘செம்புலப் பெயல்நீர்’ நடத்தும்போது செம்மண்ணில் மழை விழும் இருபது விநாடிக் காட்சியும், ‘கருங்கோல் குறிஞ்சி’க்கு 2018இல் மூணாறு மலைச்சரிவுகளில் பூத்த குறிஞ்சியும் இதே வேலையைச் செய்யும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதை வகுப்புக்குக் கொண்டுவர வேறு வழியும் இல்லை.

நாடகத்தில் வீடியோவின் பயன் இன்னும் பெரியது, ஏனென்றால் நாடகம் பார்ப்பதற்கே உரியது. தெருக்கூத்தில் ஒரு பாத்திரம் முதலில் வரும் இடத்தைத் தேடி எடுங்கள். திருவண்ணாமலை மாவட்டம் புரிசைக் கூத்தர்களின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கும். கூத்து விடிய விடிய நடப்பது, உங்களுக்கு வேண்டியது நான்கு நிமிடம். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் நின்றபடியே பாத்திரம் பாடத் தொடங்கும். முகம் தெரியாது. கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் ‘யார் நீங்கள், எந்த நாடு’ என்று கேட்பான். பாத்திரம் தன் ஊரும் பேரும் பெருமையும் சொல்லும். இப்போது மாணவர்களை வழக்குரை காதைக்குத் திருப்புங்கள். ‘யாரையோ நீ’ என்று அரசன் கேட்கிறான். “தேரா மன்னா” (ஆராயாத மன்னா) என்று தொடங்கும் கண்ணகி தன் பெயரை முதலில் சொல்லவில்லை. புறாவின் துயர் தீர்த்தவனையும், பசுவின் கண்ணீருக்காக மகனையே தேர்ச்சக்கரத்தில் இட்டவனையும் சொல்லி, அப்படிப்பட்டவர்களின் புகார் என் ஊர் என்கிறாள். அடுத்துக் கணவனைச் சொல்கிறாள். “கண்ணகி என்பதென் பெயரே” எல்லாவற்றுக்கும் பிறகுதான் வருகிறது. நீதி தவறிய அரசனிடம், நீதி தவறாதவர்களின் ஊரிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பெயர் சொல்கிறாள். கூத்தைப் பார்த்த கண்ணோடு இதைப் படிக்கும் மாணவர், அறிமுகம் என்பதே ஒரு நாடகச் செயல் என்று தானாகக் கண்டுகொள்வார்.

அடுத்த வகுப்பில் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்து அவர்களே நடிக்கட்டும். கைப்பேசியைக் கடைசி பெஞ்சில் நிற்க வைத்து முழு இடமும் தெரியும்படி பதிவு செய்யுங்கள். திருப்பிப் போட்டுப் பார்க்கும்போது இரண்டு மட்டும் கேளுங்கள்: கடைசி வரிசைக்குச் சொல் கேட்டதா? “தேரா மன்னா” என்றபோது அரசனாக நடித்தவன் எங்கே பார்த்தான்? நடித்த விதத்தைப் பற்றி மற்றவர்கள் கிண்டல் செய்ய விடாதீர்கள். பதிவை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள். இப்படி உறுதி கொடுத்தால்தான் கூச்சப்படும் பெண்களும் பையன்களும் முன்னால் வருவார்கள்.

எழுத்துப் பயிற்சிக்கு வாயிலோனையே ஆசிரியராக வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு நிமிடம் எடுத்தாலே போதும், யார் முகமும் அடையாளம் தெரியாதபடி தூரத்திலிருந்து எடுங்கள். வகுப்பில் ஒரே ஒரு மாணவர் அதை ஒலியில்லாமல் பார்க்கட்டும், மற்றவர்கள் முதுகைத் திருப்பி உட்காரட்டும். பார்த்தவர் வாயிலோன்போல வந்து சொல்ல வேண்டும், கேட்டவர்கள் எழுத வேண்டும். முதல் தடவை ‘ஒரு அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினாங்க, பை வச்சிருந்தாங்க’ என்றுதான் வரும். ‘யாராக இல்லை என்று சொல்’ என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒரு மாணவி இப்படிச் சொன்னாள்: “ஊருக்குப் புதுசு இல்ல, வழி கேக்கல. அவசரமும் இல்ல. ஆனா பையைக் கீழ வைக்கவே இல்ல.” அந்தக் கடைசி வாக்கியத்திலிருந்து முப்பது கதைகள் பிறந்தன. எழுதி முடித்த பிறகு எல்லாரும் வீடியோவைப் பார்க்கட்டும். அப்புறம், திரையில் வராத வாசனை, வெயிலின் சூடு, பையின் கனம் ஆகியவற்றை மட்டும் சேர்த்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

யாரோ உட்கார்ந்து பாடம் நடத்தும் விளக்க வீடியோக்களை வகுப்பில் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வேலையை நீங்களே செய்வீர்கள், மாணவர் கேள்விக்குப் பதிலும் சொல்வீர்கள். வீட்டில் திரும்பப் படிக்க ஒன்றைப் பரிந்துரைப்பதானால், அதன் சீர் பிரிப்பையும் பொருளையும் ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையோடு ஒத்துப்பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அந்த உரை இருக்கிறது.

பதிப்புரிமை பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிலையத்தின் பணிகளுக்காக ஆசிரியர், மாணவர், பெற்றோர் போன்றோர் மட்டும் இருக்கும் இடத்தில் திரைப்படம் காட்டுவதை மீறலாகக் கருதுவதில்லை. அந்தக் காட்சியை வெட்டி உங்கள் சேனலில் ஏற்றுவது வேறு விஷயம், அதைச் செய்ய வேண்டாம்.

அந்த மாதத் தேர்வுத் தாள்களை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால் நல்லதாகப் போயிற்று. மதிப்பெண் போடாமல் கொடுங்கள். படத்தின் வசனம் எழுதியவர்கள் அதைச் சிவப்பில் அடிக்கோடிட்டு, பக்கத்தில் இளங்கோவின் அடியைத் தேடி எழுதட்டும். ‘படம் எதைக் கூட்டியது, எதை விட்டது’ என்று ஒரு பக்கம் எழுதித் தந்த பிறகு மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம்.