வீல்சேரில் நாள் முழுக்க உட்காருபவர் ஜீன்ஸ் போடலாமா?
முதுகுத்தண்டில் அடிபட்ட தம்பிக்கு ஜீன்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பின் பாக்கெட், உலோகக் குமிழ், தடித்த தையல் எல்லாம் உட்காரும் எலும்புக்கு நேர் கீழே வந்து அழுத்தும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைந்தவருக்கு அது உறுத்துவதே தெரியாது, தெரியவரும்போது புண்ணாகியிருக்கும். தெருமுனை டெய்லரிடம் பாக்கெட்டைப் பிரித்து எடுக்கச் சொல்லலாம். கொஞ்சம் இழுபடும் பருத்தித் துணி, பின்னால் உயர்ந்து முன்னால் தாழ்ந்த இடுப்பு, கூடுதல் நீளம் (உட்கார்ந்தால் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும்) இருந்தால் நல்லது. தொளதொளவென்றும் வேண்டாம், மடிப்பு விழுந்து அதுவும் அழுத்தும். அளவை உட்கார்ந்தபடிதான் எடுக்க வேண்டும். அப்புறம், முதல் நாள் கொஞ்ச நேரம் மட்டும் போட்டுவிட்டு, கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு 30 நிமிடத்தில் மறையவில்லை என்றால் அந்த பேன்ட் வேண்டாம்.