நெல்லுக்குள்ளும் ஸ்டீராய்டா?

பட்டர்வொர்த்தில் ஜிம் நண்பர் ஒருவர் "நெல்லே ஸ்டீராய்டு சுரக்கிறது" என்று சொன்னதாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். அதன் பெயர் பிராசினோஸ்டீராய்டு; செடிகளின் வளர்ச்சி ஹார்மோன் வகை அது.

நம் உடல் கொலஸ்ட்ராலை வைத்துப் பாலியல் ஹார்மோன்களைச் செய்கிறது அல்லவா? நெல்லுக்கு முதன்மையான மூலப்பொருள் கேம்பஸ்டெரால் என்ற தாவர ஸ்டெரால். நொதிகள் அதன் குறிப்பிட்ட இடங்களில் ஒவ்வொன்றாக ஆக்சிஜனை ஏற்றி, கடைசியில் காஸ்டாஸ்டெரோன் என்ற பிராசினோஸ்டீராய்டு ஆக்கிவிடுகின்றன. கடுகுக் குடும்பச் செடிகள் இன்னும் ஒரு படி தாண்டி, அதே வகையைச் சேர்ந்த பிராசினோலைடு செய்யும். நெல் பொதுவாகக் காஸ்டாஸ்டெரோனோடு நின்றுகொள்ளும். வேலைக்கு அதுவே போதும்.

அளவுதான் வேடிக்கை. 1979இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தேனீக்கள் சேர்த்த சுமார் 227 கிலோ மகரந்தத்தை அலசி எடுத்த பிராசினோலைடு வெறும் 4 மில்லிகிராம்!

இந்த ஹார்மோன் கூடினால் நெல்லின் இலை தண்டைவிட்டு விரிந்து சாயும். குறைந்தால் செடி குட்டையாகி, இலை விறைப்பாக நிற்கும். விறைத்த இலையென்றால் நெருக்கி நடலாம், அதனால் ஆய்வாளர்களுக்கு அதன்மேல் ஒரு கண்.

அப்புறம், சோறு தின்றால் தசை ஏறுமா? ஏறுமென்றால், வாரம் நாலு முறை நாசி கண்டார் சாப்பிடும் எனக்குத் தொப்பை மட்டும் வந்திருக்காது.