விழவே இல்லையே, எப்படி முறியும்?

எட்டுக் கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாவதிலிருந்து தொடங்குகிறேன். மற்ற ஏழும் காத்திருக்கும், அது காத்திருக்காது.

"சனிக்கிழமை சாயங்காலம் நானும் மகனும் வீட்டு டிராம்போலினில் சேர்ந்து குதித்தோம். அவன் விழவில்லை, எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை. ராத்திரி கொஞ்சம் சிணுங்கினான். மறுநாள் காலையிலிருந்து இடது காலை ஊன்ற மாட்டேன் என்கிறான். வீக்கமே இல்லை. சுளுக்குத்தானே?" இதை நாலு வரியில் முடித்துவிட்டு, உயரம் குறையுமா, மூளை குலுங்குமா என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பையனுக்கு நாலு வயது. இன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். எடுத்துவிட்டு வந்து மீதியைப் படித்தால் போதும்.

'விழவில்லை' என்பதை மூன்று இடத்தில் அழுத்திச் சொல்லியிருக்கிறீர்கள். டிராம்போலினில் சின்னக் குழந்தையின் கால் எலும்பு முறிய, விழவே வேண்டியதில்லை. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு, முட்டிக்குச் சற்றுக் கீழே, டிபியா என்கிற முன்கால் எலும்பின் மேல் முனையில் குறுக்காக ஒரு மெல்லிய முறிவு வரும். டிராம்போலின் முறிவு என்றே அதற்குப் பெயர். 1986லேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்ட விஷயம் இது. இந்த முறிவோடு வரும் குழந்தைகளின் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: கூடவே தன்னைவிடக் கனமான ஒருவர் குதித்துக்கொண்டிருந்திருப்பார்.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் 78 கிலோ, அவன் 15 கிலோ. உங்களுக்கும் அவனுக்கும் எடையில் ஐந்து மடங்கு வித்தியாசம். நீங்கள் வந்து இறங்கும்போது விரிப்பு நன்றாக அமுங்குகிறது, ஓரத்து ஸ்பிரிங்குகள் எல்லாம் இழுபடுகின்றன. அடுத்த நொடி நீங்கள் மேலே கிளம்ப, விரிப்பும் கூடவே மேலே பாய்கிறது. சரியாக அந்த நேரத்தில் உங்கள் மகன் கீழே இறங்கிக்கொண்டிருந்தால், அவன் கால் மெத்தென்ற துணியில் படுவதில்லை. எதிர்த்து ஏறிவரும் தரையில் மோதுகிறது. உங்கள் எடை அந்த ஸ்பிரிங்குகளில் ஏற்றி வைத்த விசையெல்லாம் ஒரு நாலு வயது முட்டிக்குக் கீழே போய் இறங்குகிறது. பார்க்கிறவர்களுக்கு அவன் கொஞ்சம் உயரமாக எகிறியது மாதிரிதான் தெரியும். கைகூடத் தட்டியிருப்பீர்கள்.

அடுத்தது, சுளுக்கு. பெரியவர்களுக்குக் கால் மடங்கினால் முதலில் தசைநார் கிழியும். அதைத்தான் சுளுக்கு என்கிறோம். சின்னக் குழந்தைக்கு நேர்மாறு. அவர்களுடைய தசைநார் எலும்பைவிட உறுதியானது. இழுபடும்போது எலும்புதான் முதலில் விட்டுக்கொடுக்கும். ஆகவே நாலு வயதுக் குழந்தைக்குச் சுளுக்கு என்று யாராவது சொன்னால் சட்டென்று நம்பிவிட வேண்டாம். நீவிவிடுகிறேன் என்று காலைத் தொட யாரையும் விடவும் வேண்டாம்.

வீக்கம் இல்லாததும் ஆறுதல் இல்லை. நான் பார்த்த ஒரு மூன்று வயதுக் குழந்தை ஞாபகம் வருகிறது. நாலு நாள் கழித்து அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து வந்தாள். வீக்கமில்லை, கன்றிப்போன நிறமில்லை, காலை நீட்டி மடக்கினாலும் பெரிதாக அழவில்லை. என் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கி விளையாடிக்கொண்டிருந்தாள். தரையில் இறக்கிவிட்டதும் கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மண்டி போட்டுத் தவழ்ந்து பொம்மையை எடுத்து வரச் சொன்னேன். தவழ்ந்து போய் எடுத்து வந்தாள். எழுந்து நடக்கத்தான் மாட்டேன் என்றாள். தவழுகிற குழந்தை நிற்க மறுத்தால் கோளாறு பெரும்பாலும் முட்டிக்குக் கீழே இருக்கும். முட்டிக்குக் கீழே விரலை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். ஓரிடத்தில் விளையாட்டு நின்றது. எக்ஸ்ரேயில் அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கட்டுப் போட்டுத்தான் அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில், எலும்பு கூடத் தொடங்கிய இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் மகனுக்கும் முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். 'படத்தில் ஒன்றுமில்லை, ஓடி விளையாடு' என்று விட்டுவிடாதீர்கள். காலை ஊன்றாத குழந்தை ஊன்றும்வரை அந்த விஷயம் முடியவில்லை என்று அர்த்தம். பத்துப் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுக்கச் சொன்னால் எடுங்கள். மருத்துவர் இடுப்பு மூட்டையும் சேர்த்துச் சோதித்தால், கால்வலிக்கு இடுப்பில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். குழந்தைகளுக்கு இடுப்பில் இருக்கும் கோளாறு முட்டி வலியாகத் தெரிவது உண்டு.

இதோடு காய்ச்சலும் சேர்ந்தால் கணக்கே வேறு. காலை ஊன்றாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மூட்டுக்குள் சீழ் வைத்திருக்கலாம். அதற்கு நாளைக் காலை என்று தவணை கிடையாது, நடுராத்திரியானாலும் மருத்துவமனை.

இனி நீங்கள் செய்த வைத்தியம். அக்காவுக்கு வாங்கி மிச்சமிருந்த வலி சிரப்பைக் கொடுத்தீர்கள். அரை மணி நேரத்தில் நாலடி நடந்தான். அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினீர்கள். வலி மருந்து வலியைக் குறைக்கத்தான் செய்யும், அதற்குத்தானே அது! முறிந்த எலும்போடும் மருந்தின் தயவில் குழந்தை நடக்கும். அதை வைத்து முறிவு இல்லை என்று சொல்ல முடியாது. மேலும், பத்து வயது அக்காவின் அளவு தம்பியின் அளவல்ல. குழந்தைக்கு மருந்தளவு எடையைப் பொறுத்தது, பாட்டில் மூடியைப் பொறுத்தது அல்ல. வலிக்கு அவன் எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். கொடுத்த நேரத்தையும் அளவையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவன் காலில் தடவியிருக்கும் தைலத்தைத் துடைத்துவிடுங்கள். கற்பூரம் கலந்த தைலம் பூசிய காலைத் தொட்ட கை அடுத்த நிமிடம் வாய்க்குப் போகும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைகளுக்கு வலிப்பே வரலாம்.

ஒன்றைக் கூச்சப்படாமல் செய்ய வேண்டும். எப்படி ஆயிற்று என்று மருத்துவர் கேட்டால், 'நான் கூடக் குதித்தேன்' என்று சொல்லிவிடுங்கள். குற்ற உணர்ச்சியில் 'தானாகவே வந்தது டாக்டர்' என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். கதையே இல்லாத முறிவோடு சின்னக் குழந்தை வந்தால், யாராவது அடித்தார்களா என்பதில் தொடங்கி எலும்பு நோய்வரை நாங்கள் தேட வேண்டியிருக்கும். உங்கள் ஒரு வாக்கியம் அந்த அலைச்சலையெல்லாம் மிச்சப்படுத்தும்.

நீங்கள் உண்மையில் கேட்க வந்தது, கடைசிப் பக்கத்தில் அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறீர்களே, அதுதான்: "என்னால் அவன் கால் ஆயுசுக்கும் கெட்டுவிடுமா?" கெடாது. இந்த வகை முறிவு பெரும்பாலும் விலகாமல் அப்படியே நிற்கும். சில வாரம் மாவுக்கட்டு, அவ்வளவுதான். அறுவைசிகிச்சை தேவைப்படுவது மிக அபூர்வம். கட்டைப் பிரித்தபின் கொஞ்ச நாள் நொண்டுவான், பாதத்தை வெளியே திருப்பி வைத்து நடப்பான். அதற்குப் பயிற்சி எதுவும் வேண்டாம். குழந்தைகள் தாங்களே நடந்து சரிசெய்துகொள்வார்கள். முட்டிக்குக் கீழே முறிந்த சில குழந்தைகளுக்கு அடுத்த சில மாதங்களில் அந்த முட்டி உள்பக்கம் சாய்ந்தாற்போல் எலும்பு வளர்வதுண்டு. பெரும்பாலும் வளர வளரத் தானே நிமிர்ந்துவிடும். நிமிர்கிறதா என்று பார்க்கத்தான் பிறகும் வரச் சொல்வார்கள். கட்டுப் பிரித்ததோடு தலைமறைவாகிவிடாதீர்கள்.

மற்ற கேள்விகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. குதிப்பதால் உயரம் குறையாது. சாதாரணமாகக் குதித்து இறங்குவதால் மூளைக்கு ஒன்றும் ஆகாது; தலை எதிலாவது மோதினால்தான் கவலை. இறங்கியதும் கால் கனப்பதும் தரை கல்லாகத் தெரிவதும் எல்லோருக்கும் உண்டு. ஸ்பிரிங்குக்குப் பழகிய மூளை தரைக்குத் திரும்பச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. சாப்பிட்டவுடன் குதித்தால் குடல்வால் வீங்காது, அதிகம் போனால் வாந்தி வரும். மகளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று எவர் சொன்னாலும் தயவுசெய்து அவளிடம் அதைச் சொல்லி வைக்காதீர்கள், சுத்தப் புளுகு. குதிக்கும்போது ஓரிரு சொட்டுச் சிறுநீர் கசிவது பெண் குழந்தைகளிடம் நடக்கும். போய்விட்டு வந்து குதிக்கட்டும், அடிக்கடி நடந்தால் மருத்துவரிடம் சொல்லலாம். காலை ஊன்றாதது எலும்புப் புற்றுநோயோ என்று ராத்திரி இரண்டு மணிக்கு இணையத்தில் தேடியிருக்கிறீர்கள். குதித்த மறுநாள் வந்த வலிக்கு அங்கே போய்த் தேட வேண்டாம். வாரக்கணக்கில் தொடர்ந்து, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலிக்கு அந்தக் கேள்வி பொருந்தும். அதையும் கேட்க வேண்டிய இடம் மருத்துவர்தான்.

நாசாவே சிபாரிசு செய்திருக்கிறது என்று ஒரு காணொளியை அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சின் மூலம் 1980ல் வந்த ஒரு சிறிய ஆய்வு. அதில் குதித்தவர்கள் எட்டுப் பேர், எல்லோரும் வாலிபர்கள். குதிப்பும் ஓட்டமும் உடம்பில் ஏற்படுத்தும் அதிர்வையும் செலவாகும் ஆக்சிஜனையும் அளந்து பார்த்தார்கள். அதில் நாலு வயதுக் குழந்தை கிடையாது. கூடக் குதித்த அப்பாவும் கிடையாது.

சரி, வாங்கி வைத்துவிட்ட டிராம்போலினை என்ன செய்வது? என்னிடம் முன்பே கேட்டிருந்தால் வாங்காதீர்கள் என்றிருப்பேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 1999லேயே வீட்டு டிராம்போலின் வேண்டாம் என்றது. 2012ல் கணக்குகளையெல்லாம் மறுபடி பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொன்னது. காயங்களில் நான்கில் மூன்று பங்கு, ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் குதிக்கும்போது நடக்கின்றன. அப்படிக் குதிப்பவர்களில் மிகச் சின்னவருக்குக் காயம்படும் வாய்ப்பு, பெரியவரைப் போல 14 மடங்கு. அதனால் விதி ஒன்றுதான் முக்கியம்: ஒரு நேரத்தில் ஒரு ஆள். அக்காவும் தம்பியும் சேர்ந்து கூடாது. அப்பா கூடவே கூடாது. ஆறு வயதாகும்வரை தம்பி தனியாகவும் கூடாது.

சுற்றி வலை இருக்கிறதே என்கிறீர்கள். வலை, வெளியே விழுவதைத் தடுக்கப் போட்டது. வெளியே விழுந்து ஏற்படும் காயம் மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் வலைக்கு உள்ளேயே நடக்கிறது. உங்கள் மகனுக்கும் வலைக்குள்தானே ஆயிற்று? வலையைக் கழற்றச் சொல்லவில்லை; அதை நம்பி நீங்கள் உள்ளே போய்ப் போனைப் பார்க்காதீர்கள் என்கிறேன். பெரியவர் பக்கத்தில் நிற்கும்போதே மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் காயம்படுகிறது. நிற்பது வேடிக்கை பார்க்க அல்ல, இரண்டாவது ஆள் ஏறினால் இறக்கிவிட.

மகள் தனியாக, நடுவில், வெறுங்காலோடு, களைப்பதற்குள் இறங்குகிற மாதிரி குதிக்கட்டும். குட்டிக்கரணம் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். கால் முறிந்தால் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவேன். கழுத்தில் இறங்கியவர்களுக்கு அந்த வாக்குறுதியை என்னால் கொடுக்க முடியாது. அப்படி யாராவது விழுந்து கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்றால், தூக்கி உட்கார வைக்காமல், அசைக்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் விளையாட வந்தால் அன்பாக வேறு விளையாட்டுக்குத் திருப்பிவிடுங்கள். அவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளுக்கிடையே பிடிப்புத் தளர்வாக இருக்கும்.

ஸ்பிரிங்குகளின்மேல் இருக்கும் மெத்தையுறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். சுவர், மரம், வேலி எல்லாம் இரண்டரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பிறகு அந்த ஏணி. குதித்து முடித்ததும் அதைக் கழற்றி உயரத்தில் வைத்துவிடுங்கள். கட்டுப் போட்ட மறுவாரம் கண்டிப்பாகச் செய்யுங்கள். மாவுக்கட்டுக் காலோடு ஏணி ஏறிய நாலு வயதுக்காரன் ஒருவன், நனைந்து நைந்த கட்டோடு என் முன்னால் வந்து நின்றிருக்கிறான்.