ஒரு நாளைக்கு எத்தனை கலோரி? டயட்டீஷியனிடம் கேளுங்கள்

கேள்வி: வயது 38, எடை 72 கிலோ, உயரம் 158 செ.மீ. உட்கார்ந்த வேலை, அப்புறம் வீட்டு வேலை. எடை குறைய ஒரு செயலி 1200 கலோரி என்கிறது. சரியா மேடம்?

பதில்: 1200ஐ விடுங்கள், நாமே கணக்குப் போடுவோம். 1990இல் வந்த மிஃப்லின்-செயின்ட் ஜோர் சூத்திரப்படி, எடையைப் பத்தால் பெருக்கினால் 720. உயரத்தை 6.25ஆல் பெருக்கினால் 987. இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கான 190ஐயும், பெண் என்பதால் 161ஐயும் கழித்தால் 1356. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்புக்கு இவ்வளவு வேண்டும். உட்கார்ந்த வேலைக்கு 1.2ஆல் பெருக்க வேண்டும். வீட்டு வேலையும் சேர்த்து 1650 என்று வைப்போம். அதில் 200, 300 குறைத்தால் 1350 முதல் 1450 வரை. ஒரே எண்ணாகச் சொல்லாததற்குக் காரணம், சூத்திரமே பத்து சதவீதம் முன்னே பின்னே போகும். கல்யாணச் சாப்பாடும் வரும். வாரச் சராசரியைப் பாருங்கள். நான்கு வாரம் கழித்தும் எடை அசையாவிட்டால் நூறு குறைக்கலாம்.

ஒன்று மட்டும்: எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி.

கேள்வி: ராத்திரி சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறி மூன்று வாரம். எடை இறங்கவே இல்லை.

பதில்: எப்படி இறங்கும்? அரிசியும் கோதுமை மாவும் நூறு கிராமுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், 340, 350. நான்கு சப்பாத்தி, மேலே எண்ணெய், தொட்டுக்கொள்ளத் தேங்காய் அரைத்த குருமா. சோறே தேவலை.

கேள்வி: சோற்றுக்கு வக்காலத்து வாங்காதீர்கள். சப்பாத்தியில் நார்ச்சத்து உண்டே?

பதில்: முழுக்கோதுமை மாவில் உண்டு, பசியும் தாங்கும். அதனால் இரண்டோடு நிறுத்துகிறீர்கள் என்றால் சந்தோஷம். நார்ச்சத்து இருக்கிறதென்று ஐந்து சாப்பிட்டால் கணக்கு அங்கேயே போச்சு.

கேள்வி: என் தாத்தா மூன்று வேளையும் சோறுதான். கடைசிவரை ஒல்லி.

பதில்: தாத்தா பிடித்தது ஏரா, பைக்கா?

கேள்வி: நூறு கிராம் சோறு 130ஆ, 350ஆ? செயலியில் இரண்டும் இருக்கிறது.

பதில்: வெந்த சோறு 130, வேகாத அரிசி 350. உலையில் போடும் முன்பே அளந்துவிடுங்கள், குழப்பம் இல்லை.

கேள்வி: குழந்தைக்கு மூன்று மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். 1200 போதுமா?

பதில்: கூடவே கூடாது. முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். எடையைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: சுகருக்கு இன்சுலின் போடுகிறேன். 1200?

பதில்: மருந்து அளவை மாற்றாமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயக்கம் வரும். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

கேள்வி: மேடம், 1200 சாப்பிட்டால்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சப்பாத்தியும் சோறும் ஒன்று என்றால், பூரி?

பதில்: எண்ணெயை அளந்து ஊற்றச் சொன்னேன். நீங்கள் அதில் முக்கியே எடுக்கிறீர்கள். அடுத்தவர்!