களி நிற்கும், கூழ் வழுக்கும்

வாசகர் கேள்வி – பதில்

எடை குறைக்க, இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி, உப்பு நீர் ஏற்றி இறுக்கவும் எடுத்துத் தளர்த்தவும் கூடிய சிலிக்கோன் வளையம் மாட்டும் 'கேஸ்ட்ரிக் பேண்டு' ஆபரேஷன் இன்று குறைந்துவிட்டது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவும், இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸும்தான் அதிகம் நடக்கின்றன. ஆனாலும் பெங்களூரு, சென்னை, கோவை என்று போய் பேண்டு போட்டுக்கொண்டு வந்தவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கிறார்கள். இந்த முறை அவர்கள் கடிதங்கள் மட்டும்.

கேள்வி: என் வயது 41, உயரம் 158 செ.மீ. ஆபரேஷனுக்கு முன் 104 கிலோ. 14 மாதத்தில் 83 கிலோவுக்கு வந்தேன். மூன்று மாதமாக முள் அசையவில்லை. களி சாப்பிட்டால் நெஞ்சிலேயே நிற்கிறது. அதனால் காலையும் சாயங்காலமும் கேழ்வரகுக் கூழ்தான். மதியம் கொஞ்சம் குழைந்த சாதம். இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் இறங்கவில்லை. பேண்டை இன்னும் இறுக்கச் சொல்லட்டுமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இறுக்கச் சொல்லாதீர்கள் அம்மா, இப்போதைக்கு.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் உயரத்துக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் அளவு) 25 என்றால் சுமார் 62 கிலோ. அப்படியானால் உங்களிடம் கூடுதலாக இருந்தது 42 கிலோ. அதில் 21 கிலோ, சரிபாதி போயிருக்கிறது. பேண்டு போட்ட பலர் இரண்டு வருடத்தில் வந்து நிற்கும் இடமே ஏறக்குறைய இதுதான். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அக்கம்பக்கம் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஏன் நின்றது? 104 கிலோ உடம்பு சும்மா படுத்திருக்கவே செலவழித்த சக்தியைவிட, 83 கிலோ உடம்பு நாளைக்குச் சுமார் 200 கலோரி குறைவாகத்தான் செலவழிக்கும். நடக்கும்போதும் சுமக்கும் பாரம் குறைவு, அங்கும் மிச்சம். ஆறு மாதத்துக்கு முன்னால் உங்களை இளைக்க வைத்த அதே சாப்பாடு இன்று உங்களை அப்படியே நிறுத்தி வைக்கப் போதுமானது.

அடுத்தது கூழ். 50 கிராம் கேழ்வரகு மாவு, 30 கிராம் நொய், கொஞ்சம் மோர் சேர்த்துக் கரைத்த ஒரு சொம்பு கூழில் 300 கலோரி பக்கம் இருக்கும். காலை, மாலை இரண்டு சொம்பு என்றால் 600. கூழ் கெட்டது என்று சொல்ல வரவில்லை. இந்த மண்ணுக்குச் சோறு போட்ட தானியம் அது. ஆனால் பேண்டு வேலை செய்யும் விதம் வேறு. வளையத்துக்கு மேலே இருப்பது 15 முதல் 30 மி.லி. பிடிக்கும் சின்னப் பை. மென்று விழுங்கிய கெட்டி உணவு கொஞ்சம் கொஞ்சமாக அந்த வளையத்தைக் கடக்கும்போது ஏற்படும் அழுத்தம்தான் 'போதும்' என்று மூளைக்குச் சொல்கிறது. கூழ் அங்கே தங்காது, வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். வயிற்றுக்குள் 300 கலோரி சேர்ந்திருக்கும், வளையத்துக்கோ சேதியே தெரியாது.

களி நிற்பதற்குக் காரணம் களி மட்டுமல்ல, நாம் அதைச் சாப்பிடும் முறை. உருண்டையைக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கித்தான் நமக்குப் பழக்கம். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத வழியில் பசைபோன்ற உருண்டை எப்படிப் போகும்? பேண்டு உள்ளவர்கள் களியை விட்டுவிடுவதே நல்லது. கூழுக்கும் விடுமுறை கொடுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்:

காலையில் இரண்டு முட்டை, நன்றாக வேகவைத்தோ, எண்ணெய் குறைத்துப் பொடிமாஸ் செய்தோ. மதியம் முள்ளெடுத்த மீனோ நாரில்லாமல் வெந்த கோழியோ 75 கிராம், குழம்போடு. கூடவே கீரைக் கடைசல், கடைசியில் இடம் இருந்தால் இரண்டு கரண்டி சாதம். இரவில் பிதுக்குப் பருப்பு அரைக் கிண்ணம், பனீர் 50 கிராம். அவரையின் தோலைப் பிதுக்கி எடுத்துவிடுவதால் பேண்டு உள்ளவர்களுக்கு இது மற்ற சுண்டலைவிடச் சுலபமாக இறங்கும். இந்த விஷயத்தில் நம் ஊர் அடுப்படியைப் பாராட்டியே ஆகவேண்டும். இவற்றோடு ஒரு கிண்ணம் தயிரும், சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளரும் சேர்ந்தால் நாளைக்கு 60 கிராம் புரதத்தை ஒட்டி வந்துவிடும். அது குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் உடம்பின் செலவு இன்னும் இறங்கும், எடை இன்னும் கெட்டியாக நின்றுகொள்ளும்.

ஒவ்வொரு வாயும் சுண்டைக்காய் அளவு. இருபது முறையாவது மெல்லுங்கள். ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது. ஒரு வேளைச் சாப்பாடு 20 முதல் 30 நிமிடம். விக்கல், மூக்கில் நீர், நெஞ்சில் ஒரு பாரம், இதில் எது வந்தாலும் அதுதான் நிறுத்தச் சொல்லும் சைகை. தட்டில் மிச்சம் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், சாப்பிட்ட பிறகும் முக்கால் மணி நேரம் வேண்டாம். இடைப்பட்ட நேரத்தில் நிறையக் குடியுங்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தெரியும். கெட்டி உணவு ஒரு கிண்ணத்துக்குள் சாப்பிட்டு நான்கு மணி நேரம் பசி தாங்கினால் பேண்டு சரியாக இருக்கிறது. எளிதாக இரண்டு கிண்ணம் இறங்கி, இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசித்தால் தளர்ந்திருக்கிறது, அப்போது இறுக்கலாம். மீனும் முட்டையும்கூட வேளாவேளைக்கு நின்று வெளியே வருகிறது என்றால் அதிகமாக இறுகியிருக்கிறது, தளர்த்தவேண்டும். இந்த மூன்றாவதுதான் பலருக்குப் புரிவதில்லை. அளவுக்கு மீறி இறுகிய பேண்டு எடையைக் கூட்டும். கெட்டி உணவு போகாது என்று தெரிந்ததும் மனுஷன் கூழ், பாயசம், ஐஸ்கிரீம், டீயில் நனைத்த பிஸ்கட் என்று வழுக்குகிறதாகப் பார்த்துத் தேடிக்கொள்வான்.

கேள்வி: தினமும் காலையில் எடை பார்க்கிறேன். போன வாரம் 96.2, நேற்று 96.8, இன்று 96.1. பத்து நாளாக இப்படியே. இதுதான் எடை நிற்பதா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: இல்லை. நான்கு வாரமாவது அசையாமல் இருந்தால்தான் அப்படிச் சொல்லவேண்டும். முந்தின நாள் ஊறுகாய், கருவாடு சாப்பிட்டால் நீர் சேரும். மலச்சிக்கல் இருந்தால் முள் ஏறும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய வாரம் ஏறும். வாரம் ஒரு நாள், ஒரே தராசு, காலையில் கழிவறை போய்வந்தபின். அதோடு தொப்புளுக்கு நேரே டேப் வைத்து இடுப்பளவையும் எழுதுங்கள். எடை நின்று இடுப்பு குறைந்தால் நல்ல சேதி. பேண்டில் வாரம் அரை முதல் ஒரு கிலோ இறங்குவதே நல்ல வேகம். ஸ்லீவ் போட்ட சொந்தக்காரரோடு ஒப்பிட்டால் தூக்கம்தான் போகும்.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட். சாப்பாடு அளவாகத்தான் இருக்கிறது. கண் விழிக்க டீ மட்டும் நாலைந்து. ஆறு மாதத்தில் 3 கிலோ ஏறிவிட்டது.
– வாசகர், ஓசூர்

பதில்: 'மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40 கலோரி, பால் 50. ஐந்து டீ 450. ஒவ்வொன்றோடும் இரண்டு பிஸ்கட் என்றால் இன்னும் 200 கிட்ட. ஒரு வேளைச் சாப்பாட்டைவிட அதிகம், பேண்டு கண்ணில் படாமலே உள்ளே போகிறது. டீயை இரண்டாக்கி, சர்க்கரையை நிறுத்துங்கள். வேலைக்குக் கிளம்புமுன் கெட்டியான சாப்பாடு ஒன்று, நடு இரவில் டப்பாவில் கொண்டுபோன முட்டையோ பனீரோ. வேர்க்கடலை ஒரு கைப்பிடிக்கு 170 கலோரி, எண்ணித் தின்ன முடியாதவர்கள் வாங்கவே வேண்டாம். கலர், சோடா எதுவும் கூடாது. வாயு அந்தச் சின்னப் பையில் போய் வலிக்கும், சர்க்கரை வேறு.

பகலில் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் பசி கூடும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுவதும் எடைக் குறைப்பு வைத்தியம்தான். வாரம் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துப் பத்தாக மூன்று முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது அதே கணக்கில். நடையோடு இதுவும் சேர்ந்தால்தான் தசை நிற்கும்.

கேள்வி: பேண்டை இறுக்க ஒவ்வொரு முறையும் பெங்களூரு போகவேண்டியிருக்கிறது. உப்பு நீர்தானே ஏற்றுகிறார்கள், இங்கேயே நர்ஸை வைத்து ஊசி போட்டுக்கொள்ளக் கூடாதா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: கூடவே கூடாது. நீர் ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் வைத்து, குழாயால் வளையத்தோடு இணைத்திருக்கும் சின்ன டப்பாதான் 'போர்ட்'. அதன் மூடி சிலிக்கோன். அதில் குத்த 'ஹியூபர்' என்று தனி ஊசி உண்டு. அது சிலிக்கோனைத் துண்டாக வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். சாதாரண ஊசி மூடியைச் செதுக்கிவிடும், அதன்பின் நீர் கசியும். தவறிக் குழாயில் குத்தினாலும் கசிவுதான். பிறகு எத்தனை முறை ஏற்றினாலும் இறுக்கம் நிற்காது. சுத்தம் குறைந்தால் போர்ட்டைச் சுற்றிச் சீழ் வைக்கும்.

முதல் இறுக்கம் ஆபரேஷன் முடிந்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்து. அதன்பின் ஒரு தடவைக்கு அரை மி.லி., ஒரு மி.லி. என்று சிறுகச் சிறுகத்தான். வளையத்தின் மொத்தக் கொள்ளளவு மாதிரிக்கு மாதிரி வேறுபடும், ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் மி.லி. கணக்கு உங்களுக்கு உதவாது. வளையத்தின் கம்பெனி, கொள்ளளவு, இன்றைய தேதியில் உள்ளே இருக்கும் நீர் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி வாங்கி பர்ஸில் வையுங்கள். உள்ளே 5 மி.லி. இருக்கவேண்டிய இடத்தில் டாக்டர் உறிஞ்சும்போது 3 மி.லி.தான் வந்தால் கசிவைச் சந்தேகிக்க வழி இருக்கும்.

இன்னொன்று: இறுக்கியதும் பஸ் ஏறாதீர்கள். அங்கேயே நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் இருங்கள். தண்ணீர் நின்றால் அந்த இடத்திலேயே கொஞ்சம் எடுத்துவிடுவார்கள். தொப்பூர் தாண்டியோ ஓசூர் தாண்டியோ தெரிந்தால் திரும்பிப் போகவேண்டும். சனிக்கிழமை மாலை இறுக்கிக்கொள்வதையும் தவிருங்கள். முதல் இரண்டு நாள் நீராகாரம், அடுத்த இரண்டு நாள் மசித்தது, பிறகு வழக்கம்போல.

கேள்வி: நான்கு வருடமாகப் பேண்டு. சமீபமாக இரவில் இருமல், தலையணையில் புளித்த நீர். எடை மட்டும் ஏறுகிறது. டானிக் குடித்தும் இருமல் நிற்கவில்லை.
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: உங்களுக்கு உணவுப் பட்டியல் தரப் போவதில்லை. இந்த வாரமே ஆபரேஷன் செய்த இடத்துக்கோ, பேண்டு பார்க்கத் தெரிந்த சர்ஜனிடமோ போங்கள். பேண்டு இறுகியிருக்கலாம், மேல் பை விரிந்திருக்கலாம், இரைப்பை வளையத்துக்குள் வழுக்கி மேலேறியிருக்கலாம். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தால் தெரியும். முதல் வேலை நீரை எடுத்துத் தளர்த்துவது. தினமும் மேலேறும் புளித்த நீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

தண்ணீரோ எச்சிலோகூட இறங்காவிட்டால், வயிற்று வலி கடுமையாக இருந்தால் அன்றைக்கே போகவேண்டும், வாரக் கணக்குப் பார்க்கக் கூடாது. பல நாள் வாந்தி எடுத்தவர்கள் குளுக்கோஸ் ஏற்றுமுன் 'வைட்டமின் பி1 போடுங்கள்' என்று டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். பி1 வற்றிய உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையைப் பாதிக்கும். பசி கட்டுப்பாடு திடீரென்று போய், போர்ட் இருக்கும் இடம் சிவந்து வீங்கினால் வளையம் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருக்கலாம். அதை எண்டோஸ்கோப்பியில் பார்ப்பார்கள்.

கேள்வி: மாம்பழ சீசனில் என்ன செய்வது?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு தொடாதே என்று சொல்ல எங்களுக்கும் மனம் வராது. சதை 100 கிராம் சுமார் 60 கலோரிதான். நார் இல்லாத ரகத்தில் பாதிப் பழம், வெட்டிய துண்டாக, மென்று. ஜூஸும் மில்க் ஷேக்கும் பாட்டில் பானமும் வேண்டாம்.

கேள்வி: எல்லாம் செய்தும் பி.எம்.ஐ. 37. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறேன். எடை குறைக்கும் புது ஊசி போடலாமா, ஸ்லீவுக்கு மாறலாமா?
– வாசகர், அரூர்

பதில்: முதலில் இன்சுலின் அளவைச் சரிபாருங்கள். எடை குறைந்தபின்னும் பழைய அளவே போட்டால் சர்க்கரை தாழும், நடுக்கத்துக்கு இனிப்பு தின்பீர்கள், எடை ஏறும். அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள், டாக்டர் குறைக்கட்டும். ஸ்டீராய்டு, சில வலிப்பு மாத்திரைகள், சில மனநல மாத்திரைகளும் எடை கூட்டும். தைராய்டும் ஒருமுறை பாருங்கள். மாத்திரை பெரிதாக இருக்கிறது என்று சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்பார்மினில் மெதுவாகக் கரையும் வகையை உடைத்துத் தின்னாதீர்கள், மாற்று வகை கேளுங்கள்.

டிர்செபடைடு, செமாகுளுடைடு வாராந்திர எடைக் குறைப்பு ஊசிகள் 2025ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. பேண்டு உள்ளவர்களும் போடலாம். ஆனால் குமட்டலும் வாந்தியும் அவற்றின் சாதாரணப் பக்கவிளைவு, வாந்தி அடிக்கடி வந்தால் பேண்டு நழுவும். ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, தேவைப்பட்டால் பேண்டைக் கொஞ்சம் தளர்த்தி, சர்ஜனுக்குத் தெரிந்தே போடவேண்டும்.

மாற்று ஆபரேஷனும் உண்டு. பேண்டை எடுத்துவிட்டு ஸ்லீவோ பைபாஸோ செய்வார்கள். நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் பெரும்பாலும் பைபாஸ் பக்கமே சாய்வார்கள். வளையத்தைச் சுற்றித் தழும்பு கட்டியிருப்பதால் முதல் ஆபரேஷனைவிட இதில் தையல் போட்ட இடத்தில் கசியும் அபாயம் கூடுதல். அதனால் பல சர்ஜன்கள் இரண்டு கட்டமாகப் பிரித்து, இடையில் சில மாதம் விடுவார்கள். பேண்டு இல்லாத அந்த மாதங்களில் பசி முழுதாகத் திரும்பும், சில கிலோ ஏறவும் செய்யும். இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு, செலவுக்கும் வழி செய்துகொண்டு, அதற்குப் பிறகு பேண்டை எடுக்கச் சம்மதியுங்கள்.